பிள்ளை எவர்பால் வளர்தல் தகும்?
(நம் சங்கத்தின் ஆம்பூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணவனும் மனைவியும் பிரிய நேர்ந்தவிடத்து, அண்டா குண்டாக்களைப் பங்கிடுவதுபோல், ஆண்மகவு தந்தைக்கு, பெண்மகவு தாய்க்கு என நம் பஞ்சாயத்தார் ஒரு நாழிகையில் தீர்த்துவிடுகின்றனர். அப்பிள்ளைகளை எவரேனும் வினவியதுண்டோ?

இக்குறை நமக்கே உரியதன்று. ஜிட்டு நாராயணையா என்பார் 1910-இல் தம் புதல்வர் கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தர் இருவரையும் அன்னி பெசன்ட் அம்மையாரிடம் எழுத்துமூலம் ஒப்புவித்தார். பின் மனம் மாறி, 1912-இல் வழக்குத் தொடுத்தார். 1913-இல் சென்னை ஐகோர்ட்டார், பிள்ளைகளைத் தந்தையிடமே சேர்ப்பிக்கத் தீர்ப்பளித்தனர். பிள்ளைகளோ அக்காலை இங்கிலாந்தில் இருந்தனர்! 1914-இல் பிரிவி கௌன்சிலார் அத்தீர்ப்பை மாற்றினர். தந்தையின் காப்புரிமை பிறர்க்கு நிலையாக ஈந்துவிடத்தக்கதன்று என்பதை அவர்களும் ஒப்பினர். ஆயினும் அவ்விளைஞரின் விருப்பத்தைக் கேளாமலே அவரைக் கடல் கடந்து வரச்செய்தல் தகாதென்றனர். பருவமெய்திய பிள்ளையின் விருப்பத்தைக் கருதலாமென 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமே கூறியிருந்தும், அதனை நினைவூட்ட இலண்டன் வரை செல்ல வேண்டியதாயிற்று.

நிற்க. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளையின் நலமே தலையாயது என்றது. ஐந்தாண்டு நிரம்பாத மகவு பெரும்பாலும் தாயிடமே இருத்தல் வேண்டுமென்றும் விதித்தது. நலம் எதுவென நீதிபதி ஆசனத்திலிருந்தே எங்ஙனம் அறிவார்? இதன்பொருட்டே 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகரையும், மருத்துவ வல்லுநர், குடும்பநலம் பேணுவோர் உதவியையும் அளித்துள்ளது. நன்கு ஆய்பவர் பிள்ளையைத் தாயோடும் தந்தையோடும் வெவ்வேறாகக் காண்பார். இருவருமின்றித் தனியேயும் பேசுவார். கற்பித்த கிளிபோல் ஒப்பிக்கும் பிள்ளையை ஒரே சந்திப்பில் அறிதல் அரிது. காய்ச்சலுற்ற நாளில் உடனிருந்தவர் யார், பள்ளிக்கு நாடோறும் அனுப்புபவர் யார் என்பனவே உண்மையைப் புலப்படுத்தும். பள்ளியில் வினவினால் எம் போன்ற ஆசிரியரும் சிறிது கூறுவோம்.

ஈண்டு ஒன்று கூறாதிருத்தல் இயலாது. ஷூ கம்பெனிக்குச் செல்லும் தாய் பிள்ளையைப் பேணாள் என்று நம் ஊர்களில் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். தோல் பதனிடும் தொழிற்சாலையில் பகலெல்லாம் உழைக்கும் தந்தையை அங்ஙனம் எவரும் கேளார். வேலை நேரத்தில் பிள்ளை எவரிடம் இருக்கின்றது, பாட்டி உடனுளரோ என்று இருவரையும் ஒப்பவே கேட்டல் முறை.

ஆய்வறிக்கை நீதிபதியைக் கட்டுப்படுத்துவதன்று. தவறிருப்பின் மறுக்கவும் வழியுண்டு. வழக்கு நீளுமென்பதும் மெய்யே. ஆதலின் இடைக்காலத்திற் பிள்ளை மற்றவரையும் கண்டுவர முதலிலேயே ஏற்பாடு கோரல் நன்று. அதிகாரி நம் தெருவிற்கு வந்து வினவுங்கால், உறவின்முறை பாராது கண்டதைக் கண்டவாறே கூறுமாறு உங்களை வேண்டுகிறேன்.