ஒரு சட்ட நிறுவனத்தின் நூலகம் கணினிக்கு மாறிய கதை

(நூற்றாண்டு விழாவையொட்டிச் சங்கம் ஒழுங்கு செய்த உரைத் தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் வைத்தியர்கள், பொறியியலாளர்கள். நான் கொழும்பில் ஒரு சட்ட நிறுவனத்தின் நூலகர். "அப்ப நீரும் சட்டத்தரணியோ?" என்று கேட்பவர்களுக்கு, "இல்லை, சட்டத்தரணிகளுக்குப் புத்தகம் தேடிக் கொடுப்பவள்" என்று சொல்வேன். அந்தத் தேடிக் கொடுக்கும் வேலையை நாங்கள் கணினி முறைக்கு மாற்றியதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். தலைப்பு வறண்டது போலத் தெரியும். ஆனால் இதற்குள் காணி இருக்கிறது, சீதனம் இருக்கிறது, நம் மொழியின் எழுத்துருச் சண்டையும் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சட்ட நிறுவனத்தின் நூலகம் பொது நூலகம் மாதிரி அல்ல. அங்கே யாரும் பொழுதுபோக்க வருவதில்லை. புதுக்கடை நீதிமன்றத்தில் காலை தவணை என்றால் முதல்நாள் மாலை ஆறு மணிக்கு ஓடி வந்து ஒரு தீர்ப்பைக் கேட்பார்கள். அது "என்.எல்.ஆர்." என்று நாங்கள் சொல்லும் நியூ லோ ரிப்போட்ஸில் இருக்கலாம், அல்லது 1978இலிருந்து வரும் ஸ்ரீலங்கா லோ ரிப்போட்ஸில் இருக்கலாம், அல்லது யாரும் தூசு தட்டாத சிலோன் லோ வீக்லியில் இருக்கலாம். தொகுதி றாக்கையில் இல்லையென்றால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்ல முடியாது. நாளைக்குத்தான் வழக்கு.

எங்கள் நிறுவனத்தில் இதையெல்லாம் நீண்டகாலமாக ஒருவரே மனதில் வைத்திருந்தார். நூலகப் பொறுப்பாளர். எல்லோரும் அவரை ஐயா என்போம். எந்தத் தொகுதி எந்தத் தட்டில், எதன் முதுகு கிழிந்தது, எதைக் கொண்டு போன சிரேஷ்டர் இன்னும் திருப்பித் தரவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அவரிடம் ஒரு வரிசை இருந்தது. பெரிய சட்டத்தரணி கேட்டால் ஐந்து நிமிடம். சட்டக் கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்த பிள்ளை கேட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கெட்ட மனிதர் அல்லர், கை இரண்டுதானே. இருந்தாலும், வெளியூரிலிருந்து வந்து கேட்கவே கூச்சப்படும் இளம் பெண்கள் நூலகப் பக்கமே வராமல் இருந்ததை நான் கண்டேன். ஐயா ஓய்வு பெறும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. பங்காளர்கள் புதிய முறை வேண்டும் என்று முடிவெடுத்ததற்கு அந்த இரண்டாவது காரணம் போதுமாக இருந்தது. எனக்கு முதலாவதும் முக்கியம்.

நூலக முகாமை மென்பொருள்கள் பல. விற்க வந்தவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "நாங்கள் விட்டுப் போக நினைத்தால், எங்கள் பதிவுகளை எப்படி வெளியே எடுப்பது?" என்பது. அதற்கு முகம் சுருங்கியவர்களை அத்துடன் அனுப்பிவிட்டோம். மார்க் 21 என்று ஒரு பொதுப் பதிவு அமைப்பு இருக்கிறது. அதில் பதிந்து அதிலேயே திருப்பித் தரும் முறை என்றால் நாளை வேறு வீட்டுக்குக் குடிபோகலாம்.

கடைசியில் கோஹாவைத் தெரிவு செய்தோம். இதன் பிறப்பு சுவையானது. நியூசிலாந்தின் ஹொரொவெனுவா என்ற சிறிய பிரதேசத்தின் பொது நூலகங்களில் இருந்த பழைய கணினி முறை 2000ஆம் ஆண்டு பிறந்ததும் பிழைத்துவிடும் என்ற நிலை. புதிதாக வாங்குவதற்குப் பதிலாக 1999இல் தாங்களே ஒன்றை எழுதுவித்தார்கள். 2000 ஜனவரியில் அது வேலை செய்யத் தொடங்கியது. பிறகு அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கு விட்டுவிட்டார்கள். கோஹா என்பது மாவோரி மொழியில் கொடை. வெறும் கொடை அல்ல, வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டிய கொடை. நம் ஊர்க் கலியாண வீட்டு மொய் மாதிரி.

"சும்மா கிடைப்பதை நம்பலாமா?" என்று ஒரு பங்காளர் கேட்டார். நியாயமான கேள்வி. மென்பொருளுக்குக் காசு இல்லை, ஆனால் அதை ஓட்டும் கணினிக்குக் காசு, நாள்தோறும் பிரதி எடுத்து வைக்கக் காசு, பிழைத்தால் வந்து பார்ப்பவருக்குக் காசு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு அலுமாரியை மட்டும் ஏற்றி மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்போம் என்றேன். ஒத்துக்கொண்டார்.

இனித்தான் உண்மையான வேலை.

முன்பு யாரோ ஒரு நல்ல மனம் படைத்தவர், யுனெஸ்கோ இலவசமாகத் தந்த வின்ஐசிஸ் என்ற மென்பொருளில் எங்கள் நூல்களில் பாதியைப் பதிந்து வைத்திருந்தார். ஆங்கில நூல்கள் பிரச்சினையில்லாமல் வந்தன. தமிழ் நூல்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில். இங்கே சிரிக்கிறவர்களுக்கு விளங்கியிருக்கும். பாமினியில் நாம் தமிழ் எழுதவில்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உடை உடுத்தினோம். உடையைக் கழற்றினால் எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அதுதான் "அம்மா". இப்படிக் கிடந்த தலைப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தோம். யூனிகோடில் உள்ள தமிழை மட்டும்தான் கணினி தமிழாகத் தேடும். உங்கள் வீடுகளிலும் பாமினியில் அடித்த கல்வெட்டு, நினைவுமலர்க் கோப்புகள் இருக்கும். இருக்கிறபோதே மாற்றி வையுங்கள்.

அடுத்தது பெயர்கள். தேசவழமை என்று தமிழில் எழுதினால் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதை எழுதாத விதம் இல்லை. 'ரி' மட்டும் போட்டுத் தொடங்குபவர்கள், 'எச்' சேர்ப்பவர்கள், நடுவில் 'டபிள்யூ' போடுபவர்கள், 'வி' போடுபவர்கள். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806இல் ஆங்கிலேயர் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஏற்றுக்கொண்ட இந்தச் சட்டத்தைப் பற்றி எங்களிடம் இருந்த நூல்கள் பட்டியலில் நாலைந்து இடங்களில் சிதறிக் கிடந்தன. ஒரு பிள்ளை ஓர் எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒரே புத்தகம் வரும். "இவ்வளவுதான் இருக்கிறது" என்று நினைத்து அபிப்பிராயம் எழுதப் போய்விடுவாள். எச். டபிள்யூ. தம்பையாவின் நூல் அடுத்த தட்டிலேயே இருக்கும்.

இதற்கு நூலகத் துறையில் வழி உண்டு. ஒரு பொருளுக்கு ஒரு தலைமைப் பெயரைத் தீர்மானித்து, மற்ற எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் அதனுடன் கட்டிவிடுவது. எப்படித் தேடினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேரும். சொல்ல ஒரு நிமிடம். செய்ய எங்களுக்குப் பல மாதம். ஒவ்வொரு பொருளுக்கும் சட்டத்தரணிகள் வாயால் எப்படிக் கேட்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதினேன். புத்தகத்தில் இருக்கும் சொல்லும் அவர்கள் கேட்கும் சொல்லும் பல சமயம் வேறு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். யாழ்ப்பாணத்துப் பெண்களான எங்களுக்கு இது பெரிய விஷயம். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் பெயரில் உள்ள காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று ஆதனம் பிரிகிறது. தேடியதேட்டம் பற்றிய விதியோ 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தில் ஒருவிதம், 1947இன் திருத்தத்துக்குப் பிறகு இன்னொருவிதம். அம்மம்மாவின் காணிக்கு உறுதி முடிக்க வருபவர்களிடம் அதனால்தான் "எந்த ஆண்டு கலியாணம்?" என்று முதலில் கேட்கிறார்கள். புலம்பெயர்ந்து இருக்கும் சகோதரிகள் பலர் இந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்லியிருப்பீர்கள்.

ஆகவே, "பழையதுகளைக் கழித்து இடம் பண்ணுவோம்" என்று ஒரு குரல் எழுந்தபோது நான் விடவில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, 1980ஆம் ஆண்டுத் தொகுப்பு இரண்டும் வேண்டும். 1982ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தை 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் நீக்கிவிட்டது, ஆனால் 1990இல் நடந்த கொடுக்கல் வாங்கலைப் பார்க்கப் பழையதுதான் வேண்டும். மறுபுறம், காணி உறுதியை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுத வேண்டும் என்னும் மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம் 1840ஆம் ஆண்டினது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பழையது என்பதால் செத்துப் போனதும் அல்ல. இதற்காக ஒவ்வொரு நூலின் பதிவிலும், "எந்தத் திகதிவரையான சட்டத்தைக் கூறுகிறது" என்று ஒரு வரி சேர்த்தோம். அதே வரி தேடும்போது திரையில் முதலில் தெரியும்படி வைத்தோம். இந்த முழு வேலையிலும் நான் மிகவும் பெருமைப்படுவது அந்த ஒரு வரிக்காகத்தான்.

இரவல் விஷயம் வேறு தலையிடி. சட்ட நிறுவனத்தில் தண்டப்பணம் செல்லாது. சிரேஷ்டர் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டுப் புத்தகத்தைக் காரின் பின்சீட்டிலேயே வைத்திருப்பார். "தவணை கடந்துவிட்டது" என்று கணினி அனுப்பிய மின்னஞ்சல் சிலருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அதை நிறுத்திவிட்டு, "இன்னொருவர் இந்த நூலுக்காகக் காத்திருக்கிறார்" என்ற செய்தி மட்டும் போகும்படி மாற்றினோம். புத்தகங்கள் திரும்பி வந்தன. சிரேஷ்டர்களுக்கும் மனசு உண்டு.

யார் எதை எடுத்தார் என்ற பதிவு ஆபத்தானதும் கூட. விவாகரத்துச் சட்ட நூல்களை ஒருவர் அடுத்தடுத்து எடுத்தால், எந்தக் கட்சிக்காரருக்காக என்று ஊகிக்க எங்கள் மாடியில் அதிக நேரம் ஆகாது. நூல் திரும்பியதும் எடுத்தவரின் பெயரை அழித்துவிடும் வசதி கோஹாவில் இருக்கிறது. அதை முதல் நாளே இயக்கினோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எங்களுக்கு அது கட்சிக்காரரின் இரகசியம் காப்பது என்ற பழைய கடமைதான்.

ஐயாவுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. "இந்தப் பெட்டிக்கு என்ன தெரியும்?" என்பார். ஒன்றும் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும் என்றேன். பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம் அவர் தொகுதியைக் கையில் எடுத்துச் சொல்வார், நான் அடிப்பேன். "இதில் நடுவில் ஒரு கட்டுப் பக்கம் இல்லை, நகல் எடுத்துப் பின்னட்டைக்குள் வைத்திருக்கிறேன்." "இதன் ஓரக் குறிப்புகள் பழைய பெரியவரின் கை. அழிக்க வேண்டாம்." எந்த நாட்டு நூலகத்திலிருந்து பதிவை இறக்கினாலும் இந்தத் தகவல் வராது. அவர் சொன்னவற்றின் முடிவில் அவருடைய முதலெழுத்துகளைச் சேர்த்தேன். பிறகு பார்கோட் ஒட்டும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். கொழும்புப் புழுக்கத்துக்கு எந்தப் பசை உரியாது என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாகச் சேர்ந்த பிள்ளை இப்போது தன் மேசையிலிருந்தே தேடி, இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, தானே தட்டுக்குப் போய் எடுக்கிறாள். சிலவேளை, "அக்கா, இந்தக் குறிப்பு எழுதியது யார்?" என்று கேட்பாள்.

கடைசியாக நம் கல்லூரி நூலகம். நூற்றாண்டுக்காக அதைக் கணினிமயப்படுத்த வெளிநாட்டுக் கிளைகள் பணம் சேர்ப்பதாக அறிகிறேன். மகிழ்ச்சி. ஆனால் கணினி வாங்குவதுடன் பணத்தை முடித்துவிடாதீர்கள். பெரும்பகுதி பதிவு அடிக்கும் வேலையிலும், அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பராமரிக்கும் ஒருவரின் சம்பளத்திலும்தான் போகும். கோஹாவை இணைய உலாவியிலேயே திறக்கலாம் என்பதால், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிற ஓய்வுபெற்ற அக்காமார் வீட்டிலிருந்தே தமிழ் நூல்களின் பதிவுகளை அடிக்கலாம். யூனிகோடில் அடிக்கத் தெரியாதவர்களுக்கு இரண்டு சனிக்கிழமைகளில் சொல்லித் தருகிறேன். நூலகத்தின் பழைய சேர்வுப் பதிவேடுகளை முதலில் படம் பிடித்துத் தரும்படி அதிபரைக் கேட்டிருக்கிறேன். படங்கள் வந்ததும் ஆளுக்கு ஐந்து பக்கமாகப் பிரிப்போம். விரும்புகிறவர்கள் இன்றே செயலாளர் அக்காவிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.