போகும் ஊருக்கு ஒரு நாவல்

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர்களே, உங்களைப் படிக்கவைக்க அதைவிட அதிகம் வியர்த்த பெற்றோர்களே, பொன்னாடைக்கு நன்றி. அதற்குப் பதிலாக ஒரு புத்தகம் கொடுங்கள் என்று போகிற மேடைகளில் எல்லாம் சொல்லி வருகிறேன். இங்கும் சொல்லிவிட்டேன்.

பணி அனுபவத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார் கல்லூரி முதல்வர். பொதுச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவனுக்கு அனுபவத்தில் பாதி மாறுதல் உத்தரவுதான். கடற்கரையில் இருப்பவனை மலைக்கு அனுப்புவார்கள். மலை பழகும்போது சென்னைக்குக் கூப்பிடுவார்கள். உத்தரவு கைக்கு வந்ததும், அந்த ஊரைப் பற்றி யாராவது நாவல் எழுதியிருக்கிறார்களா என்று விசாரிப்பேன். வாடகை வீடு பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம். என் மனைவிக்கு இதில் இன்றுவரை வருத்தம் உண்டு. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பழக்கம் தொற்றிய இடம் மூர் மார்க்கெட். எழுபதுகளின் பிற்பாதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தேன். சாலையைக் கடந்தால் சென்ட்ரல், அதை ஒட்டி மூர் மார்க்கெட். பழைய அனாட்டமி புத்தகம் வாங்கப் போகிறவன் அதோடு திரும்பிவிட முடியாது. அட்டை கிழிந்த ஜானகிராமன் நாவல் ஒரு பக்கம் இழுக்கும், பைண்டு செய்த தொடர்கதை இன்னொரு பக்கம் இழுக்கும். பேரம் பேசத் தெரியாத எனக்கு, பேசத் தெரிந்த அறைத்தோழன் ஒருவன் வாய்த்திருந்தான். அவன் ஒரு கதைகூடப் படித்தவனல்ல. நான் படித்த கதைகளின் விலையெல்லாம் அவனுக்கு மனப்பாடம். 1985-இல் அந்தச் சந்தை எரிந்துபோனது. இப்போது புறநகர் ரயில் நிலையத்தில் அதன் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளின் நடுவில் தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். அதுவரை உப்பளத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. புறப்படும் முன் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' கிடைத்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 1979-இல் வெளிவந்த நாவல்.

ராஜம் கிருஷ்ணனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். 1925-இல் முசிறியில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். கணவர் மின்துறைப் பொறியாளர். அவர் வேலை போன ஊருக்கெல்லாம் இவரும் போனார். கல்லூரி வாசலை மிதிக்காதவர். ஒரு நாவல் எழுத வேண்டுமென்றால் அந்த மக்களிடம் போய்த் தங்கி, கேட்டு, குறித்துக்கொண்டு வந்துதான் எழுதுவார். நீலகிரிப் படகர்களைப் பற்றி 'குறிஞ்சித்தேன்', மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க் கரையில்', சிவகாசிப் பக்கத்துக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி 'கூட்டுக்குஞ்சுகள்'. இதை மருத்துவ மொழியில் களஆய்வு என்போம்; அதற்கு நிதி கேட்டு நாம் விண்ணப்பம் போடுவோம். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டு வந்தார். 1973-இல் சாகித்ய அகாதெமி விருது. 2009-இல், அவர் இருக்கும்போதே, தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது.

அவர் நாவல்களில் பிரசார வாடை அடிக்கும் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். அடிக்கும்தான். என் அலமாரியில் கலைஞர் என்றால் அசோகமித்திரன்தான். அரை வாக்கியத்தில் ஒரு வீட்டையே காட்டிவிடுவார். ஆனால் நாளைக்கு உப்பளத்து ஆளுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவனுக்கு நான் ராஜம் கிருஷ்ணனைத்தான் கையில் கொடுப்பேன்.

போய்ச் சேர்ந்த சில நாட்களில், கண் சிவந்து நீர் வடிய ஓர் அக்கா வந்தார். சீட்டில் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது. நாவல் சூடு ஆறாமல் மனசில் இருந்ததால், "அளத்துல என்ன வேலைக்கா? பாத்தி மிதிக்கிறதா, உப்பு வாருறதா, சுமக்கிறதா?" என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "டாக்டரய்யா வீட்டுல யாரும் அளத்துக்குப் போறாவளா?" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியதை நான் எழுதி முடிக்கக் கை வலித்தது. விடியும் முன்னே போக வேண்டும். வெயில் ஏறினால் வெள்ளை உப்பில் பட்டுக் கண்ணுக்குள் குத்தும். காலில் சின்னக் கீறல் விழுந்தாலும் உப்புத்தண்ணீரில் ஆறவே ஆறாது. எல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, நீர்க்கடுப்பு என்றார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றேன், பாடத்தில் உள்ளபடி. "குடிச்சிட்டு எங்கய்யா போக? சுத்தி ஆம்பளைங்க, ஒரு மறப்பு கிடையாது. அதனாலதான் காலையிலேருந்தே குடிக்கிறதில்ல" என்றார்.

கண் நோய்க்கு வந்தவரிடம் சிறுநீர்த் தொற்றைக் கண்டுபிடித்தது நானல்ல. தொழிலைப் பற்றி இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்டேன், அவ்வளவுதான். அதைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தது ஒரு நாவல். மறுவாரம் சுகாதார ஆய்வாளரை அழைத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். பல தடவை பேசிய பிறகு ஓலைத்தட்டியில் ஒரு மறைப்பு கட்டினார்கள். ஆடிக்காற்றில் பறந்தது. திரும்பக் கட்டினார்கள். இதைப் பெரிய சாதனையாகச் சொல்ல வரவில்லை. நான் எழுதித் தந்த எந்த மாத்திரையைவிடவும் அந்த ஓலைத்தட்டி நன்றாக வேலை செய்தது.

நோயாளியின் தொழிலைக் கேள் என்று மருத்துவ உலகுக்குச் சொன்னவர் பெர்னார்டினோ ராமஸினி என்ற இத்தாலிய மருத்துவர். ஹிப்போகிரடீஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு இந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 1700-இல் வந்த தம் புத்தகத்தில் எழுதினார். தொழில்சார் நோய்களுக்கென்றே எழுதப்பட்ட அந்த நூலில் உப்புக் காய்ச்சுபவர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. முந்நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. நம் புறநோயாளிச் சீட்டுகளில் அந்தக் கட்டம் ஒன்று காலியாகக் கிடக்கிறது, இல்லையென்றால் 'கூலி'. செங்கல் சூளையும் கூலி, சாயப்பட்டறையும் கூலி, கல்குவாரியும் கூலி. நுரையீரலுக்கு இந்த மூன்றும் ஒன்றா?

நம் தொழில்காரர்களே எழுதியதும் உண்டு. ஆன்டன் செகாவ் 1890-இல், உடம்பில் காசநோயின் அறிகுறியோடு, ரஷ்யாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியில் உள்ள சகாலின் தீவுக்குப் போனார். அது தண்டனைக் கைதிகளின் தீவு. கணக்கெடுப்பு அட்டைகள் அச்சிட்டு வைத்துக்கொண்டு குடிசை குடிசையாக ஏறி இறங்கினார். ஏறத்தாழ 10,000 அட்டைகள். வேலைக்கு உத்தரவிட்டவர் யாருமில்லை. சிறுகதைக்காக உலகம் கொண்டாடும் மனிதர் அவர்; எனக்கு அந்த அட்டைகள் மேல்தான் பொறாமை. நம்மூரில் டாக்டர் பி.எச்.டேனியல். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, தொழிலாளர்களிடம் கேட்டதையெல்லாம் வைத்து 1969-இல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். இரா.முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். வால்பாறைக்குப் போகிறவர்கள் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

படிக்க நேரம் எங்கே என்பீர்கள். நான் ராத்திரி தூங்குமுன் அரை மணி நேரம் படிக்கிறவன். வேகமாகப் படிக்கத் தெரியாது. கையில் பென்சில் இருக்கும். நல்ல வரிகளை அடிக்கோடிடுவதில்லை. இந்த ஊர்க்காரரைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பேன். இரவல் புத்தகத்தில் எழுதமாட்டேன், அதற்குத் தனியாக ஒரு நோட்டு. போனில் படிப்பதைப் பழிக்கிற கிழவனல்ல நான். ரயிலில் போனில்தான் படிக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், என் வயதுக்கு அது பெரிய உபகாரம். சகிக்காத புத்தகத்தை ஐம்பதாவது பக்கத்தில் மூடிவிடுவேன்.

புத்தகம் விலை அதிகம் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. உங்கள் வீட்டுச் சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. நூலகத்துக்காகச் சட்டம் கொண்டுவந்ததில் சுதந்திர இந்தியாவுக்கே முன்னோடி சென்னை மாகாணம்தான், 1948-இல். அதற்காக அலைந்தவர் சீர்காழிக்காரரான கணித ஆசிரியர் எஸ்.ஆர்.ரங்கநாதன். இன்று தமிழ்நாட்டில் பொது நூலகங்கள் 4,000-க்கும் மேல். அந்த 1948-க்கும் முன்பே, 1931-இல், மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். ஓய்வுபெற்றவர்கள் என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு அந்த வண்டியைத்தான் காட்டுவேன். நீங்கள் வேலைக்குச் சேரும் ஊரில் முதல் மாதமே நூலக உறுப்பினர் ஆகிவிடுங்கள். காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருடைய அனுமதியோடு கொஞ்சம் விலாசம் மட்டும் கொடுத்துவிடுகிறேன். கோவில்பட்டிக்குப் போகிறவர்கள் பூமணியின் 'பிறகு'. திண்டுக்கல் தோல் ஷாப்புகள் பக்கம் என்றால் டி.செல்வராஜின் 'தோல்'. கன்னியாகுமரி மாவட்டம் என்றால் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', கூடவே தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. திருப்பூருக்கு சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'. சென்னையில் ஒண்டுக்குடித்தன வீடுகளும் குழாயடியும் தெரியாமல் வயிற்றுப்போக்குக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் அசோகமித்திரனின் 'தண்ணீர்' படித்துவிட்டுப் போங்கள். சின்னப் புத்தகம்தான், ஒரு நைட் டூட்டியில் முடித்துவிடலாம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ராத்திரி முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்த்துவிட்டு, தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று காலையில் வந்து நிற்கிற இருபத்தைந்து வயசுப் பிள்ளைகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். உணவு டெலிவரி எடுத்துக்கொண்டு நாளெல்லாம் பைக்கில் போகிறவர்கள் முதுகு வலியோடு வருகிறார்கள். இவர்களுடைய ஷிப்ட்டையும், சாப்பாட்டு நேரத்தையும், எங்கே ஒதுங்குகிறார்கள் என்பதையும் எனக்குச் சொல்லித்தருகிற நாவல் இன்னும் என் கைக்கு வந்து சேரவில்லை. உங்களில் யாராவது எழுதினால் ஒரு பிரதி அனுப்புங்கள். என் முகவரி முதல்வரிடம் இருக்கிறது.