அலுமாரித் திறப்பு யாரிடம்?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் செயற்குழுவின் சார்பில் வைத்தியரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு “சங்கத்தின் அடுத்த நூறு ஆண்டுகள்”. நூறு ஆண்டுகளைப் பற்றிப் பேச எங்களுக்குத் துணிவில்லை. வரப்போகும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம். எங்கள் என்று சொல்வது, தொண்ணூறுகளில் பாடசாலையை விட்டு வெளியேறி இப்போது செயற்குழுவில் இருக்கும் சிலரை. மேடையில் நிற்பது ஒருவர் என்றாலும், வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்து எல்லோரும் சேர்ந்துதான் இதை எழுதினோம். இரண்டொரு வசனங்களுக்காகச் சண்டையும் பிடித்தோம்.

பொதுக்கூட்டத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியும். அறிக்கை வாசித்தாயிற்று, கணக்கு வாசித்தாயிற்று, இரண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டாயிற்று. “அடுத்து, புதிய நிர்வாகிகள் தெரிவு” என்றதும் மண்டபம் அமைதியாகிவிடும். சிலருக்குக் கைப்பைக்குள் அவசரமாக எதையோ தேட வேண்டியிருக்கும். சிலருக்கு அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி வரும். கடைசியில் பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: “இருக்கிறவையே இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்.” உடனே ஒருவர் பிரேரிப்பார், இன்னொருவர் ஆமோதிப்பார், எல்லோரும் கைதட்டிவிட்டுத் தேநீருக்கும் பற்றிஸுக்கும் போய்விடுவோம். அந்தக் கைதட்டலில் அன்பு இருக்கிறது. தப்பிவிட்டோம் என்ற நிம்மதியும் இருக்கிறது. அந்த ஒரு வருஷம் இப்படியே பத்து வருஷமாகிவிடுகிறது.

இன்றைய செயற்குழுவில் ஆக இளையவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. சங்கத்தின் உதவித்தொகையில் படிக்கும் பிள்ளைகள் சிலருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அவர்கள் உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை அந்தத் தொகை மாதாமாதம் போக வேண்டும். அதற்குக் காசோலையில் கையெழுத்திட ஒருவர் வேண்டும். இன்று நாங்கள் பேச வந்தது இந்தக் கையெழுத்தைப் பற்றித்தான்.

எங்கள் தொழிலில் இருந்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். அரச வைத்தியசாலையில் எந்த வைத்தியரும் நிரந்தரமில்லை. வருடாந்த இடமாற்றப் பட்டியல் வந்தால், நேற்றுவரை ஒரு வாட்டை நடத்தியவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வவுனியாவுக்கோ அம்பாறைக்கோ போய்விடுவார். நோயாளி மட்டும் அதே கட்டிலில் இருப்பார். ஆகையால் எதையும் ஒருவர் மனதுக்குள் வைத்திருக்க முடியாது. பெட் ஹெட் ரிக்கற்றில் எழுதியாக வேண்டும்: என்ன மருந்து கொடுத்தோம், ஏன் கொடுத்தோம், எது ஒத்துக்கொள்ளவில்லை, நாளைக்கு எந்தப் பரிசோதனை முடிவைப் பார்க்க வேண்டும். புதிதாக வருபவர் அதை வாசித்துவிட்டு வேலையைத் தொடங்குவார். கெட்டிக்கார வைத்தியர் போய்விட்டார் என்பதற்காக எவரும் வாட்டைப் பூட்டுவதில்லை. போனவரும் தினமும் தொலைபேசி எடுத்து, அந்த ஏழாம் கட்டிலுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

நமது சங்கத்தின் ரிக்கற் எங்கே இருக்கிறது? இரண்டு மூன்று அக்காமாரின் ஞாபகத்தில் இருக்கிறது. மண்டபத்துக்கு யாரிடம் பேச வேண்டும், எந்த ஆண்டு வகுப்பு எந்த நிதிக்குப் பணம் தந்தது, எந்த நன்கொடையாளர் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், உதவி பெறும் பிள்ளைகளில் யாருடைய வீட்டுக்குக் கடிதம் அனுப்பக்கூடாது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களின் நினைவாற்றல் வியக்கத்தக்கது. ஆனால் எவ்வளவு நல்ல நினைவாற்றலுக்கும் வயதாகும் என்பதை வைத்தியராக நாங்கள் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்றில்லை.

சங்கத்தின் ஆரம்பகாலக் கூட்டக் குறிப்பேடுகள் நம்மிடம் இல்லை. இந்த மலருக்குப் பழைய விடயம் தேடியவர்கள் பட்ட பாடு அதனால்தான். அவை அன்றைய செயலாளரின் வீட்டு அலுமாரியில் இருந்தன. 1983 யூலையில் அந்த வீட்டோடு எரிந்துபோயின. அவர் உயிர் தப்பியதே பெரிய காரியம். அந்த நாட்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்தவற்றோடு ஒப்பிட்டால் நமது கொப்பிகள் எம்மாத்திரம். ஆனால் இன்றைய குறிப்பேடும் ஒரு வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது. திறப்பும் ஒருவரிடம்தான் இருக்கிறது.

நமது சங்கம் போகிறவர்களின் சங்கம். 1958க்குப் பிறகு போனார்கள், 1977க்குப் பிறகு போனார்கள், 83க்குப் பிறகு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 2022இன் நெருக்கடிக்குப் பிறகும் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்களோடு வேலை செய்த எத்தனை வைத்தியர்கள் இன்று இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள்! இதைத் தெரிந்துகொண்டும், யாரும் எங்கும் போகமாட்டார்கள் என்ற எண்ணத்தில் ஒரு சங்கத்தை நடத்த முடியுமா? சில ஆண்டுகளுக்கு முன் நமது பொருளாளர் பிள்ளைகளோடு இருக்க மெல்பேர்ண் போனார். காசோலையில் இரண்டு கையொப்பம் வேண்டும். அதில் ஒன்று அவருடையது. மாற்றுவதற்கு வங்கி கேட்டவை நியாயமானவைதான்: கூட்டத் தீர்மானத்தின் பிரதி, புதியவரின் அடையாள அட்டைப் பிரதி, பழைய அதிகாரபத்திரம். தீர்மானம் நிறைவேற்றக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு நிறைவெண் வேண்டும். மூன்று மாதம் போயிற்று. அந்த மூன்று மாதமும் பிள்ளைகளின் பஸ் காசையும் கொப்பிக் காசையும் இரண்டு அக்காமார் தங்கள் கைப்பையில் இருந்து கொடுத்தார்கள். இதைப் பொதுக்கூட்டத்தில் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று எங்கள் மேசையில் பாதிப்பேர் நினைத்தோம், மற்றப் பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். சண்டை நடந்த வசனங்களில் இதுவும் ஒன்று.

ஒருவரே நெடுங்காலம் இருப்பதைப் போற்றும் பழக்கம் நமக்கு உண்டு. உடுவில் மகளிர் பாடசாலையை 1840இல் பொறுப்பேற்று 1879 வரை நடத்திய எலைசா அக்னியூ அம்மையாரைப் பற்றிச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தோம். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். போற்றத்தான் வேண்டும். ஆனால் அது அவருடைய முழு வாழ்வு. அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை, வேறு குடும்பமும் இருக்கவில்லை. நம்முடைய வேலை, கந்தோர் முடிந்து, சமையல் முடிந்து, பிள்ளையை ரியூசன் வாசலில் இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்தபடி பார்க்கிற வேலை. அதை நாற்பது வருடம் செய்யச் சொல்லி ஒருவரைக் கேட்பது மரியாதை ஆகாது.

எங்களுக்கு இந்த விடயத்தில் முன்மாதிரியாகத் தெரிபவர் ஒரு வைத்தியர்தான், டொக்டர் மேரி இரத்தினம். கனடாவில் பிறந்து, தமிழரைத் திருமணம் செய்து, 1896இல் இலங்கைக்கு வந்தவர். கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1904இல் இலங்கைப் பெண்கள் ஒன்றியத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். 1909இல் தமிழ்ப் பெண்களுக்கான சங்கம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அச்சங்கத்தின் கலாலயத்தில் பாட்டும் நடனமும் பயின்றவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். 1927இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கத்தில் இருந்தார். 1930இல் லங்கா மகிலா சமித்தியைத் தொடங்கினார். 1958இல் மக்சேசே விருது பெற்றார். ஒன்றைத் தொடங்குவார், அது நடக்கத் தொடங்கியதும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். மகிலா சமித்தி கொழும்பில் ஒரு காரியாலயமாக நின்றுவிடவில்லை. ஊருக்கு ஊர் தனிச் சமித்தி, அந்த ஊர்ப் பெண்களே அதற்குத் தலைவி, செயலாளர். 1962இல் அவர் காலமானார். சமித்தி இன்றும் இயங்குகிறது.

அந்தச் சமித்திக்கு அவர் மாதிரியாகக் கொண்டது கனடாவின் பெண்கள் நிறுவகங்களை. அவற்றில் முதலாவது 1897இல் ஒன்ராறியோவின் ஸ்ரோனி கிறீக்கில் தொடங்கியது. ரொறன்ரோவில் இருந்து வந்திருக்கும் அக்காமாருக்கு இடம் தெரிந்திருக்கும், ஹமில்டன் பக்கம். அதற்கு வித்திட்டவர் அடலெய்ட் ஹூட்லெஸ் என்ற பெண்மணி. ஆனால் முதல் தலைவி அவர் அல்ல. அவர் கௌரவத் தலைவியாக ஒதுங்கிக்கொள்ள, வேறொரு பெண் தலைமை ஏற்றார்.

நமது அயலையே பாருங்கள். கொட்டாஞ்சேனையில் விவேகானந்த சபை 1902இல் தொடங்கியது. வெள்ளவத்தையில் சைவ மங்கையர் கழகம் 1930இல், கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல். தொடங்கியவர்கள் இன்று இல்லை, அவை இருக்கின்றன. எல்லாக் கைமாற்றமும் சுமுகமாக நடந்திருக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தமிழர் சங்கம் என்றால் கொஞ்சம் சத்தமும் இருக்கும்.

சரி, தங்கைமார் ஏன் வருவதில்லை? இதைப் பற்றி அனுமானிக்காமல் அவர்களிடமே கேட்டோம். வட்ஸ்அப்பில் வந்த பதில்கள் எல்லாவற்றையும் மேடையில் வாசிக்க முடியாது. “அன்ரிமார் சங்கம்” என்பதுதான் அவற்றில் மென்மையானது. கூப்பிட்டால் எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். சேலை உடுத்திக்கொண்டு வாசலில் பன்னீர் தெளிக்க, அதிதிக்கு மாலைத் தட்டுப் பிடிக்க, ஆங்கிலத்தில் இரண்டு வரி அறிவிப்புச் செய்ய. அவர் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்பவர். நமது கணக்குப் புத்தகத்தை அவரிடம் எவரும் காட்டியதில்லை.

இன்னொருவர் எழுதியது தூரத்தைப் பற்றி. கூட்டம் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு, வெள்ளவத்தையில். ஜம்பட்டா வீதியில் இருந்தோ வத்தளையில் இருந்தோ கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்து, இருட்டிய பிறகு திரும்பிப் போகச் சொல்கிறோம். ஒரு காலத்தில் சங்கத்தின் பாதிப்பேர் கொட்டாஞ்சேனையில் இருந்தார்கள். இன்று செயற்குழுவில் அங்கிருந்து ஒருவர் கூட இல்லை. கொவிட் காலத்தில் சூமில் கூட்டம் வைத்தபோது அதுவரை காணாத முகங்கள் வந்தன, ஒருவர் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே நல்ல யோசனை ஒன்று சொன்னார். ஊரடங்கு முடிந்ததும் அந்த வழக்கமும் முடிந்துவிட்டது.

அக்காமாரின் கவலையையும் சொல்லியாக வேண்டும். “சின்னப் பிள்ளையள் பொறுப்பை எடுத்துப்போட்டு விசா வந்தவுடனே போயிடுவினம்.” போவார்கள்தான். ஒருவர் உதவிச் செயலாளராகி மூன்றாம் மாதமே போனார். ஆனால் எழுதி வைத்துவிட்டு, பக்கத்தில் ஒருவரைப் பழக்கிவிட்டுப் போனால் அதில் என்ன நட்டம்? பத்து வருடம் இருந்து ஒன்றும் எழுதாமல் போவதை விட, ஒரு வருடம் இருந்து கொப்பியை ஒப்படைத்துவிட்டுப் போவது சங்கத்துக்கு நல்லது.

வெளிநாட்டுக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். லண்டனும் ரொறன்ரோவும் சிட்னியும் இல்லையென்றால் 2022இல் நாம் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த நன்றி மாறாது. நாளை கொழும்புச் செயலாளராக இருபத்தெட்டு வயதுப் பிள்ளை ஒருவர் கடிதம் எழுதினால், தயவுசெய்து அவருக்கே பதில் எழுதுங்கள். “உது யார் பிள்ளை?” என்று பழைய தலைவிக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். பழைய தலைவிகளும் அந்த அழைப்பை எடுக்க வேண்டாம்.

முன்னாள் தலைவிகளைப் பற்றியதுதான் மேசையில் பெரிய சண்டை. ஆலோசகர் சபை ஒன்று வைக்கலாம் என்றார் ஒருவர். ஐந்து முன்னாள் தலைவிகள் முன்னால் இருக்க, புதிய தலைவி ஒவ்வொரு வசனத்துக்கும் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் கற்பனை செய்து பாருங்கள் என்றார் மற்றவர். கடைசியில் எடுத்த முடிவு, பதவி விட்டவர் ஓராண்டுக்குச் செயற்குழுக் கூட்டத்துக்கு வருவதில்லை. கூப்பிட்டுக் கேட்டால் மட்டும் சொல்வது. அந்த விதி முதலில் பிடிக்கப்போவது எங்களைத்தான்.

ஆகவே வரும் பொதுக்கூட்டத்தில் யாப்புத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவருகிறோம். எந்தப் பதவியும் இரண்டு ஆண்டு, விரும்பினால் இன்னும் இரண்டு, அதற்கு மேல் இல்லை. ஒவ்வொரு பதவிக்கும் ஒரு துணை, அவர் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர். காசோலைக்கு மூன்று பேரின் கையொப்பம் பதிவில் இருக்கும், அதில் எந்த இரண்டும் போதும். குறிப்பேடுகள் படம்பிடித்துப் பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி வைக்கப்படும். ஒரு கூட்டம் வெள்ளவத்தையில் என்றால் அடுத்தது கொட்டாஞ்சேனையில், இரண்டுக்கும் சூம் இணைப்பு உண்டு. எங்களில் நால்வர் பதவியை விடுகிறோம், கடிதம் கொடுத்தாயிற்று.

தலைவிக்கும் செயலாளருக்கும் பெயர்கள் வந்திருக்கின்றன. பொருளாளருக்கு இன்னும் ஒருவரும் அகப்படவில்லை. மாலைத் தட்டுப் பற்றி எழுதிய தங்கை இந்த மண்டபத்தில் இருக்கிறார் என்று கேள்வி. கணக்குப் புத்தகங்களைக் கொண்டு வந்திருக்கிறோம். இராப்போசனத்தின்போது எங்கள் மேசைக்கு வாருங்கள், வாசலுக்குப் பக்கத்தில் இடதுபுறம்.