தேன் எடுப்பவரும் கயிறு பிடிப்பவரும்

ஐதராபாத் நகரில் தார்நாகா என்னும் பகுதிக்கு அப்பெயர் வந்த காரணத்தை ஒருவாறு கூறுவதுண்டு. தார் என்பது கம்பி. நாக்கா என்பது சோதனைச் சாவடி. முன்னாளில் கம்பி வேலியும் சாவடியும் இருந்த இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பர். இன்று அவ்வேலி இல்லை. ஆயினும், இங்கிருந்து ஸ்ரீசைலம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் சென்றால் மன்னனூரில் வனத்துறையின் சாவடி ஒன்று எதிர்ப்படும். அதற்கு அப்பால் விரிவது நல்லமலைக் காடு. வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்துவந்த செஞ்சுக்களின் தாயகம் அது. நகரத்திற்கு இத்துணை அருகில் வாழும் அம்மக்களும் நவீன உலகமும் ஒருவரையொருவர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

செஞ்சுக்களின் தாய்மொழி தெலுங்கு. தம் சிறு குடியிருப்பைப் பெண்டா என்பர். ஆடவர் கையில் வில்லும் அம்பும், பெண்டிர் கையில் கிழங்கு அகழும் கோலும் இருந்தன. சேமித்து வைக்கும் வழக்கம் குறைவு. காடே அவர்களுக்குக் களஞ்சியமாக இருந்தது.

இவர்களது வாழ்வை முறையாக எழுதிவைத்தவர் வியன்னா நகரில் பிறந்த மானிடவியல் அறிஞர் ஃபியூரர்-ஹைமண்டார்ஃப். 1939-இல் உலகப் போர் மூண்டபோது அவர் இந்தியாவில் இருந்தார். ஜெர்மானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தமையால் பகை நாட்டவராகக் கருதப்பட்டு, ஐதராபாத் சமஸ்தானத்திற்குள் தங்கியிருக்க நேர்ந்தது. அக்கட்டுப்பாடே ஆராய்ச்சிக்கு வாய்ப்பாயிற்று. செஞ்சுக்களிடையே தங்கி ஆராய்ந்து, 1943-இல் நூல் வெளியிட்டார். பின்னர்த் தார்நாகாவை அடுத்துள்ள உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் பணிபுரிந்தார். அம்ராபாத் மேட்டு நிலத்தில் செஞ்சுக்களுக்கெனத் தனிக் காப்பிடம் ஒதுக்க வேண்டும் என்ற அவருடைய பரிந்துரையை நிசாம் அரசும் ஏற்றுக்கொண்டது.

செஞ்சுக்கள் தேன் எடுக்கும் முறை கருதத்தக்கது. செங்குத்தான பாறையில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். உச்சியிலிருந்து கயிறு கட்டி ஒருவன் இறங்குவான். மேலே நின்று அக்கயிற்றைக் காப்பவன் யார் தெரியுமா? அவனுடைய மனைவியின் உடன்பிறந்தானே. தன் தங்கை தாலி இழக்க எந்த அண்ணனும் துணியமாட்டான் அல்லவா? உயிரை ஒப்படைப்பதானால் அதைக் காப்பதில் தனக்கும் பங்குள்ளவனிடமே ஒப்படைக்க வேண்டும் என்னும் அனுபவ அறிவு இவ்வழக்கத்தில் அடங்கியிருக்கிறது.

தமிழர்களாகிய நமக்கு இம்மக்கள் முற்றிலும் அயலார் அல்லர். குறிஞ்சி நிலத்துத் தேனையும் கிழங்கையும் நம் முன்னோர் இலக்கியமாக்கினர். முருகன் மணந்த வள்ளி வேடர் குலத்து வளர்ந்தவள். தன் கண்ணையே பெயர்த்து அப்பிய கண்ணப்பரும் வேடரே. ஆழ்வார் பாடிய அகோபிலத்தில், நரசிம்மர் செஞ்சு குலத்து மகளை மணந்தார் என்பது அம்மக்களின் மரபு. நாயன்மார் பாடிய ஸ்ரீசைலத்து மல்லிகார்ச்சுனரைச் செஞ்சு மல்லய்யா என்று உறவு கொண்டாடுகின்றனர். வேடரைக் கோயிலில் வணங்கும் நாம், காட்டில் வாழும் வேடரை எவ்வாறு நடத்துகிறோம்?

இதே வினாவை ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் காண்கிறோம். கலகாரி வறண்ட நிலத்தில் சான் எனப்படும் வேட்டுவ மக்கள் வாழ்கின்றனர். 1960-களில் ரிச்சர்டு லீ என்னும் அறிஞர் அவர்களிடையே தங்கி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் உழைப்பே உணவு தேடப் போதுமானதாக இருந்தது என்று கணக்கிட்டார். சமையல், கருவி செய்தல் முதலிய வேலைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும் எனப் பின்வந்தோர் திருத்தினர். எனினும், வேட்டுவர் என்றால் ஓயாப் பசியில் உழல்வோர் என்ற எண்ணம் அதனால் தளர்ந்தது.

அம்மக்கள் வாழ்ந்த மத்திய கலகாரிப் பகுதி 1961-இல் வனவிலங்குக் காப்பகமாயிற்று. 1997-இலும் 2002-இலும் போட்ஸ்வானா அரசு அவர்களைக் காப்பகத்திற்கு வெளியே குடியேற்றியது. பள்ளியும் மருத்துவமனையும் அங்கே கிடைக்கும் என்பது அரசு கூறிய காரணம். சான் மக்கள் நீதிமன்றம் சென்றனர். அவர்களது நிலத்தை அவர்கள் இசைவின்றிப் பறித்தது சட்டத்திற்கு மாறானது என்று 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வீடு திரும்பியவர்களுக்குக் குடிநீர் இல்லை. கிணற்று நீர் எடுக்கும் உரிமையை 2011-இல் மேல்முறையீட்டு மன்றத்தில் பெற வேண்டியிருந்தது. நிலம் தருவதாகச் சொல்லி நீரை மறுத்தால், அந்த உரிமையால் பயன் என்ன?

நல்லமலைக்குத் திரும்புவோம். 1983-இல் அக்காடு புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வந்தது. 2014-இல் மாநிலம் பிரிந்தபின், தெலங்கானாவைச் சேர்ந்த பகுதி அம்ராபாத் காப்பகமாக அமைந்தது. புலியைக் காப்பது நாட்டின் கடமை. ஆயின், புலியும் செஞ்சுவும் நெடுங்காலம் ஒரே காட்டில் வாழ்ந்தமை மறக்கத்தக்கதன்று. காட்டை விட்டு வெளியே வந்தால் நிலமும் வீடும் பணமும் தருவோம் என்று அழைக்கும்போது, தயங்கி நிற்பவரை அறியாதவர் என்று ஒதுக்குதல் முறையாகாது. ஏர் பிடித்தறியாத கைக்கு எருதும் வயலும் ஒரே நாளில் வாழ்வாகிவிடமாட்டா.

உணவிலும் இம்மாற்றம் புலப்படும். 1918-இல் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தோன்றி, 1958-இல் ஐதராபாத்திற்கு வந்து, இன்று தார்நாகாவில் தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்கும் நிலையமும் நம்மைப் போலத் தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்ததே. பல வகை உணவு கலந்த உண்டியே நலம் என்பது உணவியல் கூறும் முதற் பாடம். கிழங்கு, கீரை, காய்கனி, தேன், ஊன் எனப் பலவாக இருந்த உணவு, பங்கீட்டு அரிசி ஒன்றாகச் சுருங்கினால், வயிறு நிறையும். உடல் நிறைவு பெறாது. அரிசி வேண்டாம் என்பது என் கருத்தன்று. பஞ்ச காலத்தில் அது உயிர் காக்கும். காட்டுணவுக்கு வழியை அடைத்துவிட்டு அரிசியை மட்டும் நீட்டுவதே குறை.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. இத்தகைய குடிகளைப் புராதனக் குடிகள் என்று வகுத்திருந்த இந்திய அரசு, 2006-இல் அச்சொல்லை நீக்கி, குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என மாற்றியது. நம்மோடு ஒரே காலத்தில் வாழும் மனிதரைப் பழங்காலத்து மிச்சம் என்பது தவறல்லவா? அவ்வாண்டே நிறைவேறிய வன உரிமைச் சட்டம், இக்குடிகளின் வாழிடத்தின் மீதும் உரிமை உண்டு என ஏற்றது. நல்லமலையில் யுரேனியம் தேடும் முயற்சிக்குச் செஞ்சுக்களும் பிறரும் எதிர்ப்புத் தெரிவித்தபோது, 2019 செப்டம்பரில் தெலங்கானா சட்டமன்றம் அதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 64 ஆயிரமாக இருந்த ஒரு சிறு குடியின் குரல் சட்டமன்றம் வரை எட்டியது.

அன்பர்களே, ஊர் விட்டு வந்து வாழும் நமக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். நாம் பிழைப்பை நாடி வந்தோம்; வேறு மொழி கற்றோம்; பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம். வருவதா, வேண்டாமா என்பதை நாமே முடிவு செய்தோம். விரும்பினால் திரும்பிச் செல்ல ஒரு ஊரும் உண்டு. செஞ்சுக்களின் பிள்ளைகளும் படிக்கட்டும், மருத்துவராகட்டும், நகரத்திற்கும் வரட்டும். ஆனால் அது அவர்கள் தேர்ந்த வழியாக இருத்தல் வேண்டும். திரும்ப விரும்புவோர்க்குக் காட்டு வழி திறந்திருத்தல் வேண்டும். காட்சிச்சாலையில் வைப்பதுபோல் அவர்களைக் காட்டில் நிறுத்துவதும் அறமன்று. முன்னேற்றம் என்ற பெயரால் பெயர்த்தெடுப்பதும் அறமன்று.

புதிய உலகம் என்னும் செங்குத்துப் பாறையில் அம்மக்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றனர். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் அரசும், அதிகாரிகளும், வாக்களிக்கும் நாமுமே. மைத்துனனுக்குரிய அக்கறை நம் கைகளில் இருக்கட்டும்.