ஹற்றன் தொகுதியும் மீனாட்சி அம்மையும்



எங்கள் வகுப்பின் சார்பில் ஒரு டாக்டர் மேடையேறினால் இரத்தச்சோகையைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அதைக் கிளினிக்கில் பேசிக்கொள்ளலாம். நூற்றாண்டு என்றதும் எங்களுக்கு நினைவு வந்தவர் கோ. நடேசய்யர். ஹற்றன் ஸ்டேஷனில் எத்தனையோ தடவை இறங்கி ஏறியிருக்கிறோம். அந்த ஊரின் அரசாங்க சபை உறுப்பினராக இருந்தவரைப் பற்றி வகுப்பில் நாங்கள் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

தஞ்சாவூர்க்காரர். கொழும்புக்கு வந்து 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு என்றிருந்த காலம் அது. அவர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார். லயத்து வாழ்க்கையையும் கங்காணிக் கடனையும் கண்ணால் பார்த்து வந்து எழுதினார். 1925இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். அவர் அங்கிருந்த காலத்தில்தான், 1927இல், தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதில் பெண்ணின் நாட்சம்பளம் ஆணுடையதைவிடக் குறைவு. அது சமமாக 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் நம்மில் பலர் பிறந்தே விட்டோம்!

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்கம் நடத்தியவர், பின்பு அவரோடு முரண்பட்டுப் பிரிந்து மலையேறினார். 1931இல் ஹற்றனில் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனம் அமைத்தார். அதே ஆண்டு ஹற்றன் தொகுதி பெரி. சுந்தரத்துக்குப் போயிற்று. அவர் அமைச்சருமானார். 1936இல் நடேசய்யர் வென்று, 1947 வரை ஹற்றனின் குரலாக இருந்தார்.

அவருடைய மனைவி மீனாட்சி அம்மையைப் பற்றிச் சொல்லத்தான் உண்மையில் இங்கு நிற்கிறோம். பத்திரிகை வேலையில் பாதி அவருடையது. கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அவர் பாரதி பாட்டுப் பாடுவார். தாமே பாட்டுக் கட்டித் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டும் பரப்புவார். எழுத்து வாசிக்கத் தெரியாத கொழுந்துப் பெண்ணுக்கும் பாட்டு காதில் நிற்கும் அல்லவா? சட்டசபைப் பேச்சு ஹன்சாட்டில் ஆங்கிலத்தில் கிடந்தது. லயத்துக்கு வந்து சேர்ந்தது இவர் பாட்டுத்தான். ஆனாலும் அவர் பெயர் கணவர் பெயருக்குப் பின்னால்தான் வருகிறது. நாங்களும் இங்கே அப்படித்தான் சொல்லியிருக்கிறோம்.

1947 தேர்தலில் நடேசய்யர் தோற்றார். அந்த நவம்பரிலேயே காலமானார். இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு பேர் அத்தேர்தலில் பாராளுமன்றம் சென்றார்கள். நுவரெலியாவுக்குத் தொண்டமான், தலவாக்கலைக்குக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. ஏழு பேரும் ஆண்கள். மறுவருடம் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் நம் பாட்டிமாரில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. சபையில் ஒருவரும் இல்லை.

கொழும்பில் 1932இலேயே நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவாகியிருந்தார். தமிழ்ப் பெண்ணுக்கு அது முடியாத காரியமல்ல என்பதற்காகச் சொல்கிறோம். மலையகப் பெண்ணுக்கோ 2024 நவம்பர் வரை நாள் பிடித்தது. நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல். எந்தக் கட்சி என்பது எங்களுக்கு இன்று பேச்சில்லை. அவர்கள் சபையில் என்ன கேட்கிறார்கள் என்பதை நாங்கள் கவனித்துக்கொண்டிருக்கிறோம். லயத்துப் பிள்ளைக்குக் காணி உறுதியோடு ஒரு வீடு வேண்டும். பிரசவத்துக்கு லொறியில் வரும் தாய்க்கு நல்ல பாதை வேண்டும். கேட்காவிட்டால் கடிதம் எழுதுவோம். எழுதப் படித்தது இந்தப் பள்ளியில்தானே.

ஒரு வேண்டுகோள். பாட்டியின் தகரப்பெட்டியில் பழைய 'தேசபக்தன்' இதழோ, மீனாட்சி அம்மையின் பாட்டுப் பிரசுரமோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். லண்டனில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், நம் பள்ளி நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள். தபால் செலவை எங்கள் வகுப்பு ஏற்கும்.