முசிறித் துறைக்கு ஒரு நாள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒலவக்கோட்டுக் குடியிருப்பில் வாழும் நாம் விடுமுறை கிடைத்தால் கோவைக்குச் செல்வோம். அல்லது மலம்புழை அணையைக் கண்டு மீள்வோம். இவ்வாண்டு நாங்கள் நான்கு குடும்பத்தார் ஒன்றுகூடி, ஒரு ஞாயிறன்று கொடுங்கல்லூர்க் கடற்கரைக்குச் சென்று வந்தோம். அதுபற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார்.

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை திறந்து வைத்த வாயில். 1862-இல் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை இவ்வாயில் வழியாகவே மேலைக் கடற்கரையை எட்டியது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வணிகச் சாத்துகள் இவ்வழி நடந்தன. கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்த உரோமானியக் காசுகள் அதற்குச் சான்று. சொரனூரிலிருந்து பாரதப்புழையைக் கடந்து தெற்கே செல்லும் பாதை 1902-இல் திறக்கப்பட்டது. கொச்சி மன்னர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்று அதற்குப் பொருள் திரட்டினார் என்பர். அப்பாதையில் சென்று இரிஞ்ஞாலக்குடாவில் இறங்கிப் பேருந்து ஏறினோம். வழி நெடுகத் தென்னந்தோப்பும் வயலும் உப்பங்கழியும் கண்ணைக் குளிர்வித்தன.

கொடுங்கல்லூரை அடுத்து ஓடும் பெரியாறு இடுக்கி மலைகளைக் கடந்து வருவது. மலையில் விளைந்த மிளகை முற்காலத்தில் கடலுக்குச் சேர்த்தது இவ்வாறே. 1895 முதல் இதன் நீரின் ஒரு பகுதி முல்லைப் பெரியாற்று அணையால் கிழக்கே திரும்பி மதுரைச் சீமை வயல்களில் பாய்கிறது. ஆற்றின் ஒரு கை மேலைக் கடலிலும், மற்றொரு கை தமிழ் நிலத்திலும் இருக்கின்றது.

யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு பெயர்ந்ததாகச் சங்கப் புலவர் பாடிய முசிறி இப்பகுதியிலேயே இருந்தது. ஆற்றுக்குத் தென்பால் உள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிச் சில்லுகளும், மணிகளும், மிளகும், ஒரு மரத்தோணியும் வெளிப்பட்டன. அதுவே முசிறி என்பார் பலர், ஐயுறுவாரும் உளர். வியன்னா நகரில் காக்கப்படும் 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடு ஒன்றில் ஒரு பக்கம் முசிறி வணிகம் பற்றிய கடன் ஒப்பந்தமும், மறுபக்கம் யானைத் தந்தம் முதலிய சரக்குகளின் எடையும் விலையும் எழுதப்பட்டுள்ளன. நாள்தோறும் சரக்குக் கணக்கு எழுதும் எங்களுக்கு, அவ்வேட்டை எழுதிய கணக்கர் நம் அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரராகவே தோன்றினார்!

பகவதி கோயிலை வணங்கினோம். கண்ணகியே அங்கு உறைகின்றாள் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. சேரமான் பள்ளிவாசலையும் கண்டோம். 629-இல் எழுந்தது என்று மரபு கூறும் அப்பள்ளி, கடல்வழி வந்த எல்லாச் சமயத்தையும் வரவேற்ற ஊர் இது என்பதைக் காட்டி நிற்கின்றது.

பின்னர்த் திருவஞ்சைக்களம் சென்றோம். சுந்தரர் வெள்ளை யானை மீதும், சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை ஏகியதாகக் கூறும் தலம் இது. கோவையிலிருந்து வந்த அடியார் சிலர் அங்குத் தேவாரம் ஓதிக்கொண்டிருந்தனர். அவர்களுள் முதியவர் ஒருவர் நம் பிள்ளைகளைக் கண்டு மகிழ்ந்து, “சேர்ந்து பாடுங்கள், கண்ணுகளா” என்று புத்தகத்தை நீட்டினார். ஐந்து பிள்ளைகளில் ஒருத்தி மட்டுமே எழுத்துக் கூட்டிப் படித்தாள். மற்ற நால்வருக்கும் மலையாளமும் ஆங்கிலமும் வரும். தமிழ் எழுத்துத் தெரியாது. முதியவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மடித்துக்கொண்டார்.

மாலையில் அழீக்கோட்டுக் கடற்கரையில் அமர்ந்து, ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் அக்காட்சியே எங்கள் நெஞ்சில் நின்றது. 1341-இல் பெரியாற்றுப் பெருவெள்ளம் இத்துறையைத் தூர்த்தது என்பர். மணல் ஒரு நாளில் மூடினாலும், பலநாள் சிறிது சிறிதாக மூடினாலும், தூர்ந்த துறைக்குக் கலம் வாராது. மொழிக்கும் இஃது ஒக்கும்.

மலையாளத்தை நம் பிள்ளைகள் நன்கு கற்கட்டும். நமக்குச் சோறிடும் நாட்டின் மொழி அது. தமிழோடு உடன்பிறந்த மொழி. ஆனால் பதிற்றுப்பத்தின் வேந்தர் ஆண்ட மண்ணில், இளங்கோவடிகள் துறவு பூண்டிருந்ததாகக் கூறும் ஊரில், நம் பிள்ளைகள் தமிழ் நூலைக் கையில் வாங்கத் தயங்கி நிற்றல் தகுமா?

ஆகவே இரண்டு வேண்டுகோள். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளையாவது வரவேண்டும். கற்பிக்க நாங்கள் இருவர் ஆயத்தமாய் உள்ளோம். அடுத்த ஆடிச் சுவாதியில், சுந்தரர் குருபூசைக்கு, அப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாம் அனைவரும் திருவஞ்சைக்களம் செல்லவேண்டும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டால் பெருஞ்செலவு ஆகாது. அன்று யாரேனும் புத்தகத்தை நீட்டினால், ஐவரும் கை நீட்டி வாங்குவார்களாக.