நூலகத்தில் நம் ஊர்க் கணக்கு



பள்ளிக்கும் குடிநீருக்கும் நாம் மனுக் கொடுக்கிறோம். "மக்கள் மிகவும் துன்புறுகின்றனர்" என்று எழுதுகிறோம். எத்தனை மக்கள் என்று எழுதுவதில்லை. எண் இல்லாத மனு வலுவற்ற மனு.

அந்த எண்கள் அச்சில் உள்ளன. 2011-ஆம் ஆண்டு மாவட்ட சென்சஸ் கையேட்டில் ஊர்தோறும் குடும்பங்கள், ஆண், பெண், குழந்தைகள், எழுத்தறிந்தோர், பயிரிடுவோர், விவசாயக் கூலிகள் ஆகியோரின் தொகையைக் காணலாம். பள்ளி, மருத்துவ வசதி, குடிநீர், பாசன நிலம் பற்றிய விவரங்களும் உண்டு.

தாம்பரம் வட்டாரத்தார் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் 2019-இல்தான் அமைந்தது. ஆகவே காஞ்சிபுரம் மாவட்டக் கையேட்டைக் கேளுங்கள். மேலும், மேடவாக்கம் போன்ற ஊர்கள் ஊராட்சிகளாயிருந்தும் 'சென்சஸ் நகரம்' என எண்ணப்பட்டன. கிராமப் பட்டியலில் ஊர் காணப்படாவிடில் நகரப் பட்டியலைப் பாருங்கள்.

எழும்பூர் கன்னிமாரா போன்ற பெரிய நூலகங்களில் இதனைக் கேட்கலாம். சென்சஸ் துறையின் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். கணினி வசதியுள்ள கிளை நூலகத்தில் நூலகரின் உதவியோடு பார்க்கலாம். தயக்கம் வேண்டாம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்துகிறோம்.

ஓர் எச்சரிக்கை. 2021-இல் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2011-க்குப்பின் நம் பக்கத்து வயல்கள் பல, தெருக்களாகிவிட்டன. எனவே கையேட்டின் எண்ணோடு ஊராட்சி வீட்டுவரிப் பதிவேட்டின் இன்றைய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே நம் தேவையின் சான்று.

அடுத்த மனுவை எண்ணோடு எழுதுவோம்!